கடைசிக் குமிழ்

மீன்தொட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் ஐஸ் பெட்டியின் பிளக்கைச் செருகினார் ராஜ்மோகன். கூடத்தில் இருந்தது அந்த ஒரு பிளக் பாயிண்ட்தான். தொட்டியின் மோட்டார் நின்றது. ஐஸ் பெட்டிக்குள் அவருடைய அண்ணன் கொளஞ்சி கிடந்தார்.

கொளஞ்சியின் மகள் தென்றல் உள்ளே போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துவந்து, இரண்டையும் அதில் மாட்டினாள். தண்ணீர் மறுபடி சுழன்றது.

"செத்தவனுக்குக் கரண்டு வேணுமா, மீனுக்கு வேணுமா?" வந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி கேட்டார் ராஜ்மோகன்.

"ரெண்டுக்குந்தான் வருது, சித்தப்பா."

தொட்டியில் இருந்தது கடல் தண்ணீர். பரங்கிப்பேட்டையிலிருந்து அப்பா கேனில் பிடித்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார். பீங்கான் சூளையில் வேலை. விரிசல் விட்டதென்று கழித்துப்போட்ட ஃபியூஸ் கட்டைகளை அடுக்கி மீன்களுக்கு வீடு கட்டியிருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ராஜ்மோகன் தூத்துக்குடியிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து, கேட்காமல் உள்ளே போட்டார். அதில் ஒட்டி வந்தது பாசி. பச்சைப் பச்சையாய், கோலிக்குண்டு கோலிக்குண்டாய்க் கட்டைகளை மூடியது. ஒரு நாள் அதிலொன்றை அவர் நகத்தால் நசுக்கிச் சிரித்தபோது அப்பா கையைத் தட்டிவிட்டார். "உடைக்காதடா! உள்ள பூரா விதை. ஒன்னு உடைஞ்சா நூறாவும்."

"கேவலம் பாசிக்குக் கை நீட்டுறியா?" என்று இறங்கிப் போனவர் இன்றுதான் வருகிறார்.

அதன்பின் அப்பா தினமும் வேலைவிட்டு வந்து, இடுக்கியால் ஒவ்வொரு குமிழாக, உடையாமல் திருகி எடுத்தார். போன மாதம் மிஞ்சியது ஒன்றே ஒன்று. "கட்டை இடுக்குல இருக்குது. அவசரப்பட்டா உடைஞ்சிடும்," என்று விட்டுவைத்திருந்தார்.

மதியம் பெரிய பங்காளி விருத்தகிரி தொண்டையைச் செருமினார். "நேரமாவுது. கொள்ளிச்சட்டி தம்பிகாரந்தான?"

ராஜ்மோகன் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தென்றல் எடுப்பா," என்றாள் அம்மா பூவாயி. தலையை நிமிர்த்தவில்லை.

"பொட்டப்புள்ளயா? ஊரு சிரிக்கும், அண்ணி."

"சிரிக்கட்டும். பத்து நாளு ஆஸ்பத்திரில கெடந்தாரு, எட்டிப் பாத்தீங்களா? தம்பி கையால வேணாம்னு சொல்லிட்டுதான் போனாரு."

"அண்ணனா சொன்னாரு? யாரு சாட்சி?"

"நான்," என்றாள் தென்றல்.

அப்பா அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அம்மா மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"அப்பறம் என்னப்பா, செத்தவன் வாக்கு," என்றார் விருத்தகிரி.

ராஜ்மோகன் தொட்டியருகே போய், சட்டைக் கையைக்கூட மடிக்காமல் உள்ளே கையை விட்டார். இடுக்கிலிருந்த குமிழை விரலால் தடவிக் கண்டுபிடித்து, தென்றலைப் பார்த்துக்கொண்டே நசுக்கினார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பாடைக்குத் தோள் கொடுக்க வெளியே போனார்.

யாரோ தென்றலிடம் சட்டியை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது தள்ளிய தண்ணீரில் பச்சைத் தூள் ஒவ்வொரு கட்டையாகப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.