கியோஹாருவின் கணக்கு

செத்துப்போன கணவருடைய கைப்பேசிக்கு வங்கியிலிருந்து மின்னஞ்சல் வந்ததும் ஃபுசாயேவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "கணக்கு உரிமையாளர் பற்றிய விவரத்தில் ஐயம் எழுந்துள்ளது. இன்று மாலைக்குள் உறுதிசெய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்." மாட்டிக்கொண்டோம் என்றுதான் முதலில் தோன்றியது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? கியோஹாரு போய் ஏழு மாதமாகிறது. எரித்தாயிற்று, எலும்பு பொறுக்கிக் கலசத்தில் வைத்தாயிற்று, நகராட்சியில் எழுதியும் கொடுத்தாயிற்று. வங்கியில் மட்டும் சொல்லவில்லை. சொன்ன நிமிஷமே கணக்கை முடக்கிவிடுவார்கள் என்று இந்த இமாபாரி ஊரில் யாருக்குத்தான் தெரியாது? முடக்கினாலும் பணம் எங்கும் ஓடிப்போகாது. மகளும் அவளும் கையெழுத்துப் போட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அவள் கவலை அதுவல்ல. அவர் படித்துவந்த தூண்டில் மீன்பிடிப் பத்திரிகைக்கு அந்தக் கணக்கிலிருந்துதான் சந்தா போகிறது. மாதம் பிறந்தால் உறைமேல் அவர் பெயரோடு தபாலில் வந்து விழும். அவள் அதைப் பிரிக்காமல் மாடத்தில் அவர் படத்துக்கு முன்னால் வைப்பாள். கியோஹாரு இன்னும் சாகாமல் இருக்கிற ஒரே இடம் அந்த வங்கிதான்.

அதனால் யாரையும் கேட்காமல் மின்னஞ்சலில் இருந்த சுட்டியை அழுத்தினாள். கேட்டதையெல்லாம் கொடுத்தாள். கணக்கு எண், பிறந்த தேதி, கடைசியில் ரகசிய எண்ணும். "சற்றுப் பொறுங்கள்" என்று திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து முடிதிருத்தகத்து மிட்சுயோ ஆரஞ்சுப் பையோடு உள்ளே வந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததுமே பேசியைப் பிடுங்கிப் படித்தாள்.

"அடியே, இது காலையில எனக்கும் வந்துச்சுடி! அதே எழுத்து, அதே 'மாலைக்குள்'. எனக்கு அந்த பேங்க்ல கணக்கே கிடையாது. யார் கணக்க மூடுவானாம்?"

"பேங்க் பேரு போட்டிருக்கே அக்கா."

"பேர எவன் வேணா போடுவான். அனுப்புன முகவரியப் பாரு, பூனை பட்டன் மேல நடந்து அடிச்ச மாதிரி இருக்கு. உன் வீட்டுக்காரர் பேரு எங்கயாவது இருக்கா? 'வாடிக்கையாளரே'ன்னு ஊருக்கே ஒரே கும்பிடு. ரகசிய எண்ண எந்த பேங்க்காரன்டி மெயில்ல கேப்பான்? குடுத்துத் தொலைச்சிட்டியா?"

ஃபுசாயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஐயோ, போச்சு! உடனே போன் போடு. இதுல இருக்கற நம்பருக்கு இல்ல, அட்டைக்குப் பின்னால இருக்கே, அதுக்கு."

"போட்டா அவர் போயிட்டது தெரிஞ்சிருமே அக்கா."

மிட்சுயோ கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டு மனுஷனப் பேசச் சொல்லவா? கியோஹாரு மாதிரியே இருமுவாரு."

ஃபுசாயேவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எண்ணை அழுத்தினாள்.

மறுமுனையில் சின்னப் பெண்ணின் குரல். முழுவதையும் கேட்டுவிட்டு, "நாங்க அப்படி மெயில் அனுப்பறதே இல்லம்மா. கணக்கை இப்பவே நிறுத்திடலாம். கணக்குக்காரர்கிட்ட கொஞ்சம் குடுங்க" என்றாள்.

வெளியே போயிருக்கிறார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கப்பல் பட்டறையில் ஆயுசெல்லாம் வெந்து மனுஷன் சேர்த்த காசு. அதை முகம் தெரியாத எவனோ வழித்துக்கொண்டு போக விடுவதா?

"அவரு இல்லம்மா. செத்துப் போயிட்டாரு."

இத்தனை நாளும் எல்லோரிடமும் "போயிட்டாரு" என்றே சொல்லி வந்தவள். 'செத்து' என்ற வார்த்தை இன்றைக்குத்தான் அவள் வாயிலிருந்து வந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா," என்றது குரல். "காசு எதுவும் போகல. நிறுத்திட்டேன். இனிமே இதுலேர்ந்து எதுவும் போகாது."

"பத்திரிகையும் வராதா?"

"எந்தப் பத்திரிகைம்மா?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லா இரு."

மிட்சுயோ ஒரு ஆரஞ்சை உரித்து அவள் கையில் வைத்துவிட்டுக் கடையைப் பார்க்கப் போனாள். சுளை வாய்க்குப் போகுமுன் கைப்பேசி மறுபடியும் கூவியது. "இறுதி எச்சரிக்கை. உடனே உறுதிசெய்யாவிட்டால் உங்கள் கணக்கு முடக்கப்படும்."

"முடக்கியாச்சுடா, பாவி" என்றாள் ஃபுசாயே.

அழிக்கத்தான் விரலைக் கொண்டுபோனாள். என்ன நினைத்தாளோ, எழுந்து மாடத்துக்குப் போய், பிரிக்காத பத்திரிகைக்குப் பக்கத்தில் நின்று, அவர் படத்துக்கு நேரே திரையை நீட்டினாள்.

"பாத்தீங்களா? நீங்க இருக்கீங்கன்னு நம்பறவன் இனி இவன் ஒருத்தன்தான்."