கல்யாணம் தள்ளிப்போகும் நாடகம்

மே மாத ஞாயிறு, மதியம் மூன்று மணி. துவாரகா குடியிருப்பின் கிளப் ஹாலில் நிற்க இடமில்லை. கிருபாகரன் திரையை விலக்கிப் பார்த்தான். இத்தனை ரசிகர்கள் டில்லியில் எங்கே ஒளிந்திருந்தார்கள்!

நானூறு வருஷத்து ஆங்கில நகைச்சுவை நாடகம் அது. கடைசியில் சாவுச் செய்தி வந்து எல்லாக் கல்யாணமும் தள்ளிப்போவதால் யாரும் அதைத் தொடுவதில்லை. விமான நிலைய வேலை போக மிஞ்சிய நேரத்தில், மூன்று வருஷம் உட்கார்ந்து அதைத் தமிழாக்கியிருந்தான். அந்த முடிவு ஜனங்களுக்குப் பிடிக்குமா என்பதுதான் அவனுடைய ஒரே பயம்.

இரண்டாம் காட்சியில் எல்லோருடைய போனும் ஒன்றாகச் சிணுங்கியது. நடுவரிசையில் ஒருவர் எழுந்தார்.

"லைட் ஆ கயீ! வீட்ல கரண்ட் வந்துடுச்சாம். ஜல்தி கிளம்புங்க!"

அப்போதுதான் கிருபாகரனுக்கு உறைத்தது. காலையிலிருந்து எந்த வீட்டிலும் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் போட்டு ஏசி ஓடியது இந்த ஹாலில் மட்டும்தான்.

ஐந்தே நிமிஷத்தில் ஹால் காலி. அவன் மனைவி சுகன்யாவும் மேடையோரம் வந்து நின்றாள்.

"வாஷிங் மெஷின்ல துணி பாதியில நிக்குதுங்க. போட்டுட்டு வந்துடறேன்."

அவள் வரவில்லை.

நடிகர்கள் நிறுத்தாமல் நடித்தார்கள். சாவுச் செய்தி வந்தது. ஒரு வருஷம் கழித்து வா என்று அரசகுமாரி காதலனிடம் சொன்னாள். பிடிக்கவில்லை என்று சொல்லக்கூட எதிரே ஓர் ஆள் இல்லை.

காவலாளி எட்டிப் பார்த்தான். "சாப், ஏசி பந்த் கர் தூம்?" அணைத்துவிடலாமா என்று கேட்டான்.

அரசகுமாரி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"கர் தோ, அணைச்சிடு" என்றான் கிருபாகரன்.