அறுவடை வகுப்பு

கருங்குழிக்கு அப்பால் இருந்த அந்த வேளாண்மை உயர்நிலைப் பள்ளிக்குச் சொந்தமாக வயலும் மாட்டுக்கொட்டகையும் உண்டு. தை பிறந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அரிவாளைக் கொடுத்து நெல் அறுக்க விடுவது பள்ளி தொடங்கிய காலத்து வழக்கம். வேளாண்மை டீச்சர் ஜாய்ஸ் காலனிக்காரி; அவள் அப்பா அதே வயலில் கூலிக்கு ஏர் ஓட்டியவர்.

அன்று பாதி வயல்கூட அறுபடவில்லை. ஊர்த்தெருத் தமிழ்வாணன் வரப்பில் நின்று சிரித்தான்.

"எங்க தாத்தா குடுத்த நெலம்டா இது. கேட்டாண்ட கல்வெட்டுல பேரு கீது, போய்ப் பாரு."

காலனிப் பையன் ஹேமந்த் நிமிர்ந்தான். "கெணறு வெட்னது யாரு? எங்காளுங்கதான?"

"கூலி வாங்கிகினுதான வெட்னானுங்க? வெட்டிட்டு அதுல தண்ணி குடிக்க வுட்டாங்களா, இன்னா?"

ஹேமந்தின் அரிவாள் தமிழ்வாணனின் தோளில் இறங்கியது. சட்டையோடு சதை பிளந்தது. அவன் அலறி விழுந்தான். இரண்டாவது வெட்டு விழுவதற்குள் ஜாய்ஸ் பாய்ந்து கையைக் குறுக்கே நீட்டிவிட்டாள். முழங்கைக்குக் கீழே எலும்புவரை வெட்டுப்பட்டது. மறு கையால் ஹேமந்தின் தலைமுடியைப் பிடித்துக் கீழே தள்ளி, முகத்தைச் சேற்றில் அழுத்தினாள். அரிவாள் அவன் கையைவிட்டு நழுவிய பிறகும் அழுத்தினாள். அவன் கால்கள் உதறிக்கொண்டன. பெண் பிள்ளைகள் நான்கைந்து பேர் கத்திக்கொண்டே அவளைப் பிய்த்து இழுத்தார்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் தமிழ்வாணனின் மாமன் கலையரசன் ஆட்களோடு இரும்புக் கம்பி தூக்கி வந்தான். கொட்டகை ஓடுகள் நொறுங்கின. ஹேமந்தின் அப்பா வாசுதேவன், அணுபுரத்தில் பஸ் ஓட்டுபவர், செய்தி கேட்டு அப்போதுதான் பள்ளிக்குள் நுழைந்தார். ஆம்புலன்சுக்காகக் காத்திருந்த ஜாய்ஸின் கண்ணெதிரே கலையரசன் அவர் காலை அடித்து முறித்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஹேமந்தின் அம்மா சந்திரம்மா வந்தாள். "கால் வயுக்கி அருவா மேல வுயுந்துட்டேன்னு சொல்லிடும்மா. அவன் நம்ம புள்ளம்மா."

அவள் போனதும் கலையரசன் வந்தான். "டீச்சர், அந்தப் பையன் பேர மட்டும் சொல்லு. அவங்கப்பன் காலு உனக்கு இன்னாத்துக்கு?"

சாயந்திரம் வந்த இன்ஸ்பெக்டரிடம் ஜாய்ஸ் ஹேமந்த், கலையரசன் இருவர் பேரையும் சொன்னாள்.

ஹேமந்தைச் சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். கலையரசனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாசி முடிவதற்குள் ஜாமீனில் வந்துவிட்டான். தமிழ்வாணனை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். காலனியில் ஜாய்ஸ் வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றது. சந்திரம்மா சர்ச்சில் அவளைக் கண்டால் பெஞ்சு மாறி உட்கார்ந்தாள்.

பங்குனியில் ஜாய்ஸ் கூர்நோக்கு இல்லத்துக்கு ஹேமந்தைப் பார்க்கப் போனாள். அவள் கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

"டீச்சர், அன்னிக்கு என்னைச் சாவடிக்கத்தான பாத்தீங்க?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஆமாண்டா. நீயும் அவன சாவடிக்கத்தான பாத்த?"

அவன் தலையாட்டினான். பிறகு அழ ஆரம்பித்தான். ஜாய்ஸ் எழுந்து போகவில்லை. நேரம் முடிந்தது என்று வார்டன் வந்து சொல்லும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.