எஸ் அலுமாரி

“பள்ளியில பொதுவாக் கேக்கத்தானே போறன் ராத்தா! ‘எங்கட வாப்பா ஆருக்கும் குற்றம் செஞ்சிருந்தா பொருந்திக்கொள்ளுங்க’ எண்டு...”

“பள்ளிக்கு அந்தப் பொம்புள வரமாட்டா, இஹ்ஸான். அவ இஞ்ச நம்மட ஹோல்ல இரிக்கா.”

“மெதுவாக் கதைங்க, கேக்கப்போகுது!”

“கேக்கட்டும். கேக்கத்தானே வேணும்.”

அடுப்படியில் அக்காவோடு நின்ற இஹ்ஸான் குசினிக் கதவைச் சாத்தினான். வாப்பாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியாயிற்று. லுஹர்த் தொழுகைக்குத் தூக்கிவிடுவார்கள், அரை மணித்தியாலம்கூட இல்லை.

வாப்பா ஷரிபுதீன் கொழும்பில், அரச வழக்குகள் தொடுக்கும் அலுவலகமொன்றில் கிளார்க்காகச் சேர்ந்து, முப்பத்துநாலு வருடத்தில் நிர்வாகத்துக்கே தலைவராகி ஓய்வுபெற்றவர். கறுப்புக் கோட்டுக்காரர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களானாலும், வழக்குக் கோவை மேசைக்கு வராமல் வாய் திறக்கமாட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். புதிய கிளார்க்மாருக்கு அவர் படிப்பித்த முதல் பாடம்: தமிழாக்களின் பெயரில் முன்னுக்கு வருவது தகப்பன், ஆளைப் பின்னுக்குத் தேடு.

அவரே ஒருநாள் பிழைவிட்டார். தம்பிலுவில் ஊர்ப் பொடியன், சீனித்தம்பி கிசோக். சாட்சியில்லை, விடலாம் என்று கையெழுத்தான கடிதம். ‘கே’ அலுமாரிக்குப் போகவேண்டிய, அந்தக் கடிதமிருந்த கோவையைத் தன் கையாலேயே ‘எஸ்’ அலுமாரியில் வைத்துவிட்டார். கிசோக் இன்னும் பதினாலு மாதம் மறியலில், கம்பிக்குப் பின்னால் கிடந்தான். கோவையைக் கண்டெடுத்தவரும் அவர்தான். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. முந்தாநாள்தான், மூச்சிழுப்புக்கு நடுவில், மூத்த மகள் றாஹிலாவிடம் சொன்னார்: “அந்தத் தாய்க்கிட்ட பொருத்தம் வாங்கு மகள். விசயத்தச் சொல்லாம வாங்கிராத.”

“மகன வெளிய எடுத்துத் தந்த ஐயா எண்டு அழுதுகொண்டு வந்திரிக்கா,” என்றான் இஹ்ஸான். “ஊரெல்லாம் ஒரு கடதாசி தொலைக்காத மனிசன் எண்டுது. இது மையித்து வீடு ராத்தா, வழக்குப் பேசுற கோடு இல்ல.”

“கோட்டுல எண்டா நீ பொய் சொல்லமாட்டாயாக்கும்?”

அவள் கதவைத் திறந்தாள்.

கிசோக்கின் தாய் தங்கரத்தினம் சேலைத் தலைப்பால் தலையை மூடி, ஓதுகிற பெண்களுக்குப் பின்னால் சுவரோரம் இருந்தாள். றாஹிலாவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழாத புள்ள. ஐயா எங்களுக்குக் கடவுள் மாதிரி.”

“அப்பிடிச் சொல்லாதீங்க அம்மா.”

றாஹிலா கீழே குந்திக்கொண்டு சொன்னாள். அலுமாரியைச் சொன்னாள், கடிதத்தைச் சொன்னாள், வைத்த கை யாருடையது என்பதையும் சொன்னாள். பக்கத்தில் ஓதிய குரலொன்று நின்றுபோனது. வாசலில் மையித்தைத் தூக்கும் சந்தூக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். நேரமாகிவிட்டதென்று ஆண்கள் அவசரப்படுத்தினார்கள்.

“வாப்பாவப் பொருந்திக்கொள்ளுங்க அம்மா.”

தங்கரத்தினம் கையை மெல்ல விடுவித்தாள்.

“கடிதம் எந்த மாசம் வந்த?”

“ஜனவரியில.”

அவள் பெருவிரலால் விரற்கணுக்களை எண்ணினாள். மூன்றாவதில் நின்றாள். இஹ்ஸான் வாசலில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்தப் பங்குனியிலதான் கிசோக்ட அப்பா செத்தவர்,” என்றாள் தங்கரத்தினம். “அவருக்குக் கொள்ளி வெச்சது ஆர் தெரியுமா புள்ள?”