வீட்டு மொழி: உருது

என் மகள் அஃப்ஷீனின் பள்ளிச் சீட்டில் ‘வீட்டு மொழி: உருது’ என்று அச்சாகி வந்திருந்தது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உருதில் ஒருவர் தும்மியதுகூடக் கிடையாது. வந்த ஆத்திரத்தில் ஆலையில் லேத்தை நிறுத்திவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு உக்கடம் மொழி அலுவலகத்துக்குப் போய்விட்டேன்.

குறை சொல்லக் கூடாது. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன அந்தக் காலத்திலேயே ஆலைத் தொழிலாளர்கள் கூடி அமைத்த கூட்டுக் குடியரசு இது. பதினோரு மொழிக்காரர்கள் இருக்கிறோம். ஆலைகள் எல்லாருக்கும் பொது. எந்தக் குழந்தைக்கும் அதன் வீட்டு மொழியிலேயே பள்ளி. நல்ல சட்டம்தான். ஆனால் தலைநகரில் யாரோ ஒரு புத்திசாலி, பெயரைப் பார்த்தே மொழியைச் சொல்லும் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறான். அப்துல் நாசர் மகள் என்றால் உருது. திங்கட்கிழமை முதல் அவள் போத்தனூர் உருதுப் பள்ளியில், வாத்தியார் உட்காரச் சொல்கிறாரா எழுந்திருக்கச் சொல்கிறாரா என்று தெரியாமல் முழிக்க வேண்டும்.

அலுவலர் கோபாலசாமி பொறுமையான மனிதர். அந்தப் பொறுமையே எனக்கு எரிச்சலாக இருந்தது.

“பட்டியல மாத்த எனக்கு அதிகாரமில்லீங்க தோழர். கொழந்த எம்முன்னால தமிழ்ல சரளமாப் பேசிக் காட்டுனா, அத எழுதிப்போட்டு மாத்தலாமுங்க.”

வீட்டில் வாய் மூடாதவள், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஊமையாக நின்றாள்.

“பேரென்ன கண்ணு?”

மிட்டாய் தருவதாகச் சொல்லிப் பார்த்தேன், பிரயோசனமில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ‘உருது’ மேலேயே குத்துவதற்கு முத்திரையை எடுத்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பேசினார்.

“அம்மா, தின்னாவா? ஒச்சேஸ்தானும்மா.”

அஃப்ஷீன் என் சட்டையை விட்டுவிட்டு, மேசை ஓரத்தில் தாடையை வைத்துக்கொண்டாள்.

“ஏனுங்க, இப்ப என்னங்க பேசுனீங்க? எனக்கு ஒண்ணுமே வெளங்கலீங்களே.”

கோபாலசாமி சிரித்துவிட்டார். “தெலுங்கு கண்ணு. எங்கூட்டுப் பேச்சு.”

“அப்ப உங்க பாப்பா தெலுங்குப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போறாங்களா?”

அவர் சிரிப்பு நின்றது. உருதை அடித்து, தமிழ் என்று எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

“வாரேனுங்க தோழர்” என்று எழுந்தேன். அவர் மேசையறையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து முன்னால் வைத்திருந்தார். ஆனால் எழுதவில்லை.

“கோபாலசாமின்னா பட்டியல்ல தமிழுங்க. நானும் போகட்டும்னு உட்டுப்போட்டேன். எம்பொண்ணு இப்ப பத்தாவது படிக்கறா. எங்கம்மா ஏதாச்சும் பேசுனா, ‘அவ்வா என்னப்பா சொல்லுச்சு’ன்னு எங்கிட்ட வந்துதானுங்க கேக்கறா.”

சண்டை போடத்தான் வந்திருந்தேன். இப்போது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“அதையும் மாத்தி எழுதிப்போடுங்க” என்றேன்.

“அதுக்கு அவ தெலுங்குல பேசிக் காட்டோணுமுங்களே” என்றார்.