நடந்து போய் ஏறிய கார்

சாமியிடம் வேண்டும்போது வாயை அளந்து திறக்க வேண்டும். கறம்பக்குடி அருள்மணிக்கு அந்தச் சூதானம் கிடையாது. விராலிமலை சன்னிதியில் நின்று, “முருகா, எனக்குன்னு ஒரு காரு வாங்குற மாதிரிப் பண்ணிவிடு” என்று கேட்டவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். கண்ணில் தண்ணீர் முட்டிய வேகத்தில், “வாங்கிட்டேன்னா ஊர்லேருந்து நடந்தே வந்து ஒன்னையக் கும்பிட்டுட்டுத்தான் அதுல ஏறுவேன்” என்றும் சத்தமாகச் சொல்லித் தொலைத்தான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி அமுதவல்லி இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். என்ன பிரயோஜனம், சொன்னது சொன்னதுதான்.

அவன் ஆசையையும் குறை சொல்ல முடியாது. பதினெட்டு வருஷம் குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் டிரைவர் வேலை. விதவிதமான வண்டிகளை ஓட்டினான். ஓட்டினான் என்று சொல்வதைவிடக் காத்துக் கிடந்தான் என்று சொல்லலாம். முதலாளியம்மாவைக் கடை வாசலில் இறக்கிவிட்டுக் காத்துக் கிடந்தான், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் காத்துக் கிடந்தான். அத்தனை வண்டியில் ஒன்றிலாவது தனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டதில்லை. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, தன் பேரில் ஒரு வெள்ளைக் கார். ஊருக்கு ஒரேயடியாகத் திரும்பி வந்தவனுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

காரும் வந்தது. புதுக்கோட்டை ஷோரூமில் சாவியைக் கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்படியே அமுதவல்லியிடம் கொடுத்தான். அவன் குவைத்தில் இருந்தபோதே இவள் இங்கே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாள். அவள் தட்டுத் தடுமாறிக் காரை வீடு கொண்டுவந்து சேர்த்தாள். காரின் சொந்தக்காரர் பின்னாலேயே பஸ்ஸில் வந்தார்.

விராலிமலைக்குக் கிருத்திகையன்று போய்ச் சேருவது என்று ஏற்பாடு. அதுவரை கார் கொட்டகையில் நின்றது. தினமும் குளிப்பாட்டித் துடைப்பான். உள்ளே துடைக்க வேண்டுமென்றால் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, உடம்பை மட்டும் உள்ளே நீட்டி, சீட்டில் பட்டுவிடாமல் துடைப்பான். அமுதவல்லியின் அண்ணன் செல்லமுத்துவுக்கு அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்புத் தாங்கவில்லை.

“மாப்ள, ஓட்டத்தான வேணாம். சும்மா ஒருவாட்டி உக்காந்து எந்திரி. முருகன் என்ன கொட்டகையில கேமராவா மாட்டியிருக்காரு?”

“மச்சான், ஒங்க வாயி சும்மாவே இருக்காதா?” என்று அருள்மணி கதவைச் சாத்தினான். சாத்தும்போது அந்தப் புதுக் கார் வாசனை ஒரு மடக்கு மூக்கில் ஏறியது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு.

காருக்கும் விராலிமலையில்தான் பூஜை போட வேண்டும். ஓட்டி வருகிறேன் என்று செல்லமுத்து தானாக முன்வந்தார். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்தவர்கள் அவரிடம் சைக்கிளைக்கூடக் கொடுக்க மாட்டார்கள். ஆக, அமுதவல்லிதான் டிரைவர். புத்தியுள்ளவனாக இருந்தால், நீ முன்னால் போய் ஒரு மர நிழலில் நில், நான் வந்து சேர்கிறேன் என்று சொல்லியிருப்பான். இவன் என்ன சொன்னான் தெரியுமா?

“வண்டி என்னைய விட்டுப் போகப்படாது. எம் பின்னாடியே வா.”

நடக்கிற மனுஷன் வேகத்துக்குக் கார் ஓட்டினால் வண்டி என்ன கதியாகும் என்று டிரைவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆசை அறிவை மறைத்துவிட்டது. பச்சை வேட்டியும் செருப்பில்லாத காலுமாக அவன் முன்னே நடக்க, முதல் கியரில் கிளட்சை மிதித்தும் மிதிக்காமலும் அவள் பின்னே ஊர்ந்தாள். ஆலங்குடி தாண்டுவதற்குள் கிளட்ச் கருகுகிற வாடை வந்துவிட்டது.

“முருகா” என்பான். அதே மூச்சில் திரும்பி, “அமுதா, கிளட்ச்லேருந்து காலை எடு” என்பான்.

“எடுத்தா ஒங்க மேல ஏறிரும். பரவால்லையா?”

வழியெல்லாம் இதே கூத்து. கால் நடந்தது, காது இன்ஜினிலேயே இருந்தது. கந்தர் சஷ்டிக் கவசத்தை ஆரம்பித்தால் நாலு வரியில் வண்டி ஒரு உறுமல் உறுமும், கவசம் அறுந்துபோகும். புதுக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழுந்து, மறுநாள் அன்னவாசல் பக்கம் போனபோது இன்னொரு கொடுமை நடந்தது. டீக்கடைக்காரர் காரைக் கண்டதும் ஓடி வந்து, இறங்கி நின்ற அமுதவல்லியிடம் மரியாதையாக, “அம்மாவுக்குச் சர்க்கரை போடலாமாங்க?” என்று கேட்டுவிட்டு, அருள்மணி பக்கம் கையைக் காட்டினார். “டிரைவருக்கும் ஒண்ணு போட்றவா?”

அமுதவல்லிக்குச் சிரிப்பு பீறிட்டது. “போடுங்கண்ணே, பாவம், நடந்து வாராரு” என்றாள். அருள்மணி அந்த டீயைக் குடித்தானா விழுங்கினானா என்று தெரியாது. இத்தனை வருஷம் உழைத்து, சொந்தக் கார் வாங்கியும் டிரைவர் பட்டம் போகவில்லையே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அப்போதுதான் பிடித்தது. கும்பிட வந்தவன் மனசில் சாமியைக் காணோம், காரும் கிளட்சும்தான் இருக்கின்றன. இந்த நடை கணக்கில் சேருமா? சேராவிட்டால் எந்த முகத்தோடு கார்க் கதவைத் திறப்பது?

இலுப்பூரில் இரவு தங்கி, விடிந்ததும் கிளம்பினார்கள். ஊரைத் தாண்டி ஒரு பாலத்து மேடு. பாதி மேட்டில் வண்டி அணைந்துவிட்டது. அமுதவல்லி மறுபடி கிளப்பினாள், வண்டி பின்னால் உருண்டது, பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள். பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் ஒரு லாரி, இரண்டும் ஹாரனை விடாமல் அடித்தன. அவள் முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

“என்னங்க, என்னால முடியல. நான் எறங்கிக்கிறேன், நீங்க எடுங்க. ஆபத்துக்குப் பாவமில்லங்க, முருகன் கோவிச்சுக்க மாட்டாரு.”

அருள்மணிக்குக் கை பரபரத்தது. ஐந்து நிமிஷ வேலை. சாமியே கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு சாக்கு. யாரும் குற்றம் சொல்ல முடியாது. கதவுப் பிடியில் கையை வைத்தே விட்டான். அப்போது அவள் முகத்தைப் பார்த்தான். பயந்திருந்தாள் என்பது மட்டுமில்லை, வெட்கப்பட்டிருந்தாள். இப்போது இறக்கிவிட்டால் இவள் இனி ஸ்டியரிங்கைத் தொட மாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. தான் ஊரில் இல்லாத அத்தனை வருஷமும் ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அலைந்தவள். மனசு கேட்கவில்லை.

பஸ்காரனைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஜன்னல் ஓரம் குனிந்தான்.

“ஹேண்ட் பிரேக்கைப் போடு. போட்டியா? இப்ப ரெண்டு காலுக்கும் பயமில்ல. வண்டியக் கெளப்பி மொதக் கியரப் போடு. ஆக்சிலேட்டர லேசா மிதி. கிளட்ச மெதுவா விட்டுக்கிட்டே வா. வண்டி மூக்கத் தூக்கும், தூக்குதா? அந்தாக்குல ஹேண்ட் பிரேக்க எறக்கு.”

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி மேலே ஏறியது. “நிக்காத, போயிக்கிட்டே இரு. அங்கிட்டு நெழல்ல நில்லு” என்று கத்தினான்.

கார் அவனைத் தாண்டி முன்னே போனது. மேடேறி, வளைந்து, வெயிலில் பளபளவென்று போனது. அதன் பின்பக்கத்தை, அது ஓடுகிற அழகை, அன்றைக்குத்தான் அவன் முழுசாகப் பார்த்தான். எவ்வளவு நல்ல கார் என்று நினைத்தான். நடுரோட்டில் நின்று சிரித்தான். அதற்கப்புறம் அவள் முன்னால் போய் நிழலில் நிற்பதும் அவன் நடந்து வந்து சேர்வதுமாக, விராலிமலை வரைக்கும் காதில் இன்ஜின் சத்தம் இல்லை. கவசம் முழுசாக ஓடியது.

ஆனாலும் பாருங்கள், படியேறிச் சன்னிதியில் நின்று கண்ணை மூடினால் தெரிந்தது என்ன? மேடேறிப் போகிற வெள்ளைக் கார். திறந்து மூடிப் பார்த்தான், அதேதான். வெளியே வந்து படிக்கட்டில் சோர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

“அமுதா, நடந்ததெல்லாம் வீணு. சாமி முன்னாடியும் எனக்குக் காருதான் தெரியுது.”

அமுதவல்லி திருநீற்றை அவன் நெற்றியில் பூசினாள். சுவர் மேல் ஒரு மயில் தோகையை இழுத்துக்கொண்டு நடந்துபோனது.

“மயிலு மேல உக்காந்திருக்கவருகிட்ட வந்து வண்டி ஆசைக்கு வெக்கப்படுறீகளே. அவரு அந்த மயில விட்டு எறங்கி நீங்க பாத்திருக்கீங்களா? கேட்டீங்க, குடுத்தாரு. நடக்கிறேன்னீங்க, நடந்துட்டீங்க. எந்திரிங்க, வண்டிக்கு மால போடணும்.”

அருள்மணி அந்த மயிலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான்.

மலையடியில் காருக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அமுதவல்லி சாவியை எடுத்து நீட்டினாள். “இந்தாங்க. இனிமே ஒங்க பாடு, ஒங்க காரு பாடு.”

வாங்கினான். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் அவள் கையிலேயே திருப்பி வைத்தான்.

“நீயே எடு. ஓட்டுனது போதும், ஒரு தடவ உக்காந்து பாக்குறேன்.”

சுற்றிப்போய் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினான். குவைத்தில் ஸ்டியரிங் அந்தப் பக்கம்தான். பதினெட்டு வருஷப் பழக்கம், உட்கார்ந்ததும் கை இரண்டும் தானாக முன்னே போயின. பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். பழங்கள் நசுங்க வண்டி நகர்ந்தது. பிடித்த பாட்டு ஒன்றைப் போடச் சொன்னான்.

கறம்பக்குடியில் வாசலிலேயே காத்திருந்தார் செல்லமுத்து. “என்ன மாப்ள, வண்டி எப்புடி ஓடுது?”

அருள்மணி கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினான். “தெரியல மச்சான். இலுப்பூர் வர்றதுக்குள்ளயே தூங்கிட்டேன்.”