தட்டு வைக்கும்போது சொல்லாத பேர்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாப்பாட்டில் செத்தவர்களுக்கும் ஒரு தட்டு வைப்பது எங்கள் வழக்கம். வைக்கும்போது ஒவ்வொரு பேராகச் சொல்வார்கள். என் அம்மாவின் அப்பா இம்ரிக் பல்கோவின் பேரை மட்டும் சொல்லக் கூடாது. அமெரிக்காவுக்கு வந்து இன்னொருத்தியோடு ஓடிப்போனவருக்குத் தட்டு எதற்கு? அறுபது வருஷமாக அப்படித்தான் நடந்தது. அவர் ஓடவே இல்லை என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் வழி நெடுகக் காரில் தனியாகத் திட்டிக்கொண்டே வந்தேன்.

என் அம்மா வெரோனாவுக்கு அறுபத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் அவளை ‘ஓடுகாலி மகள்’ என்றார்கள். கல்யாணமான பிறகு மாமியாரும் அதையே சொன்னாள். அவளுடைய அம்மா சுஸன்னா கைக்குழந்தையோடு கப்பல் ஏறி வந்து, புருஷனைத் தேடி ஓய்ந்துபோய், பிட்ஸ்பர்க் பக்கம் இரும்பாலை ஆட்கள் பன்னிரண்டு பேரை வீட்டில் வைத்துச் சமைத்துப் போட்டாள். கட்டில் ஆறுதான். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால் அந்தச் சூடு ஆறுவதற்குள் இன்னொருவன் வந்து படுப்பான். பன்னிரண்டு பேர் முதுகையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுவதும் அவள் வேலை.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் பாவோல் ஸெம்கோ. பழைய ஊர்க்காரர், அம்மாவின் ஞானத்தகப்பன், சுஸன்னாவுக்குப் பின்னால் கப்பல் ஏறி வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்கள் வீட்டோடேயே தங்கிவிட்டார். எண்பத்தைந்து வயதாகியும் கிறிஸ்துமஸ் மேசையின் தலைமாட்டு நாற்காலி அவருக்குத்தான். எங்கள் நெற்றியில் தேனால் சிலுவை போடுவதும் அவர்தான். இம்ரிக் ஓடிப்போன சேதியை ஊரில் சுஸன்னாவிடம் சொன்னதும் இந்த மகானுபாவர்தான்.

குடும்ப வரலாற்றை எழுத வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கோயில் கோயிலாகப் போய்ப் பதிவேடு புரட்டினேன். பல்கோ என்று ஒரு வரிகூட இல்லை. அக்டோபரில், நாற்பது மைல் தள்ளி இருக்கும் ஒரு சுரங்க ஊரில், 1909ஆம் வருஷத்து அடக்கப் பதிவில் இதைப் படித்தேன்: ‘பாவோல் ஸெம்கோ, வயது இருபத்திரண்டு, சுரங்கத்தில் கூரை சரிந்து மரணம். ஊரில் மனைவி சுஸன்னா, ஆறு மாதப் பெண் குழந்தை வெரோனா.’ கோயிலுக்குப் பின்னால் இருந்த கல்லறைக் கல்லிலும் அதே பேர்.

ஹங்கேரியிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹங்கேரி ராஜாவின் பட்டாளத்துக்குப் போகும் வயசுக்காரனுக்குக் கடவுச்சீட்டு தர மாட்டார்கள். பட்டாளத்துக்கு ஆகமாட்டான் என்று கழித்துவிடப்பட்டவனின் சீட்டை வாங்கி, அவன் பேரிலேயே கப்பல் ஏறுவார்கள். யாருடைய சீட்டு என்று பெண்டாட்டியிடம்கூட மூச்சுவிட மாட்டார்கள், போலீஸ்காரர்கள் வந்து முதலில் அவளைத்தான் மிரட்டுவார்கள். பாவோல் மாமாவுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது.

அன்றைக்கே கேட்டிருப்பேன். ஆனால் பிடிக்காததைக் கேட்டால் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிற ஆள் அவர். அதனால் கிறிஸ்துமஸ் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்தச் சாப்பாட்டுக்கு மேசைக்கால்களைச் சங்கிலியால் சுற்றிக் கட்டுவோம், குடும்பம் பிரியக் கூடாது என்று. வீட்டுக்காரி தவிர யாரும் நடுவில் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தவர் அடுத்த கிறிஸ்துமஸைப் பார்க்க மாட்டார். மாமா இதைச் சத்தியமாக நம்புகிறவர்.

அம்மா தட்டை வைத்து, சுஸன்னா பாட்டியில் தொடங்கிப் பேர்களைச் சொல்லி முடித்து, காளான் சூப்பை ஊற்ற ஆரம்பித்தாள்.

“ஒரு பேரை விட்டுட்டீங்கம்மா,” என்றேன். “இம்ரிக் பல்கோ.”

“நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேச்சை எடுக்காதடி.”

“அவரு ஓடலம்மா. செத்துப்போயிட்டாரு. அப்ப நீங்க ஆறு மாசக் கொழந்தை.” நகலெடுத்த தாளை மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். “படிங்க மாமா. உங்க சாவுதான்.”

மாமா மேசை விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தார். கால் சங்கிலியில் பட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டேன்.

“கூட வேலை செஞ்சவங்க கடுதாசி போட்டாங்க. சீட்டுல இருந்தது என் வெலாசம். எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு.”

“பாட்டிகிட்ட குடுக்க வேண்டியதுதானே?”

“சீட்டு குடுத்தது தெரிஞ்சா எனக்கு ஜெயிலும்மா. அவ கத்தி ஊரைக் கூட்டிருவா. அதான் ஓடிட்டான்னு சொன்னேன். ரெண்டு நாள் அழுதுட்டு விட்டுருவான்னு நெனச்சேன். தேடிக்கிட்டுக் கப்பல் ஏறுவான்னு யாரு கண்டா?”

“தொள்ளாயிரத்துப் பதினெட்டுல, சண்டை முடிஞ்சு, அந்த ராஜாவே போயிட்டான். அதுக்கப்புறம் அம்பத்து நாலு வருஷம் யாருக்குப் பயந்தீங்க?”

“சுஸன்னாவுக்கு,” என்றார். “தெரிஞ்சா வெரட்டியிருப்பா. எனக்கு வேற யாரு இருக்கா?”

“பாட்டிகிட்டயே முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தீங்களே, கூசல?”

“விடுக்கா, வயசானவரு,” என்றான் என் தம்பி எமில்.

“நீ வாயை மூடு. ‘ஓடுகாலி மக’ன்னு உன்னையா சொன்னாங்க?”

அம்மா அழவில்லை. கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். முழங்கால் வலியோடு மேசைக்கு அடியில் குனிந்து சங்கிலியை அவிழ்த்தாள். சின்ன வயசில் ஒன்றுக்குப் போகக்கூட எங்களை நடுவில் எழவிடாதவள்.

“எந்திரிங்க மாமா.”

“வேண்டாம் வெரோனா. சாப்பாடு முடியட்டும்.”

“அது எங்கப்பா உக்கார வேண்டிய எடம். எந்திரிங்க.”

அவர் எழுவதற்கு ரொம்ப நேரம் ஆனது. எமில் கை கொடுக்க நினைத்தான், ஆனால் நாற்காலியை விட்டு எழ அவனுக்கும் பயம். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்து, தொப்பியை எடுத்துக்கொண்டார்.

அம்மா செத்தவர்களின் தட்டைத் தலைமாட்டுக்கு நகர்த்தி, சூப் ஊற்றினாள். தேனில் விரலைத் தொட்டுத் தட்டின் விளிம்பில் சிலுவை போட்டாள். “இம்ரிக் பல்கோ,” என்றாள். பழக்கமில்லாத பேர், நாக்கு கொஞ்சம் தடுக்கியது.

“கல்லறையில என்ன பேரு இருக்கு?”

“பாவோல் ஸெம்கோன்னும்மா. பண்டிகை முடிஞ்சதும் ஆளைக் கூட்டிட்டுப் போயி அழிச்சிடறேன்.”

“எங்கப்பா பேரை மேல வெட்டச் சொல்லு,” என்றாள் அம்மா, வாசலுக்குக் கேட்கும்படி. “கீழ இருக்கறதை அழிக்க வேண்டாம். அவனும் செத்தவன்தான்.”